மாநில ரயிலுக்கு 30 ஆண்டுத் திட்டம்: நான்கு வழிகளில் முதல் பணம் எதற்கு?

ஒரு மாநிலம் அடுத்த 25, 30 ஆண்டுகளுக்கு ரயில் திட்டம் போட உட்கார்ந்தால், வரும் கோரிக்கைகள் கையில் இருக்கும் பணத்தைத் தாண்டிப் பல மடங்கு போகும். பெரிய நகரங்களுக்கிடையே அதிவேக ரயில் வேண்டும் என்பார்கள் சிலர். துறைமுகத்திலிருந்து சரக்கு வெளியேறவே திணறுகிறது, அதற்குத் தனிப் பாதை போடுங்கள் என்பார்கள் தொழில் துறையினர். இருக்கிற பாதையை இருவழியாக்கி சிக்னலை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும் என்பார்கள் ரயிலை இயக்குகிறவர்கள். மூடப்போகிற கிளைப் பாதையை அரசே வாங்கி வைக்கட்டும் என்று சிறு ஊர்களிலிருந்து மனு வரும். நான்குமே நியாயமானவை. அதனால்தான் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போகிறவர்களும் திட்ட வரைவைப் படிக்கிறவர்களும் எதை ஆதரிப்பது என்று குழம்பி நிற்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நான்கில் எது சிறந்தது என்பதற்குப் பொதுவான விடை கிடையாது. ஆனால் எந்த வரிசையில் முடிவெடுப்பது என்பதற்கு விடை உண்டு. 25 ஆண்டு கழித்து ஒரு மணி நேரத்தில் எந்தெந்த ரயில் எந்தப் பாதையில் ஓட வேண்டும் என்று கால அட்டவணையை முதலில் எழுத வேண்டும். என்ன கட்டுவது என்பது அதற்கு அப்புறம்தான். பல திட்டங்களில் இது தலைகீழாக நடக்கிறது: முதலில் ஒரு பாதையை அறிவிக்கிறார்கள், அதில் என்ன ஓடும் என்பதைப் பின்னால் தேடுகிறார்கள்.

ஒப்பீட்டுக்குள் போவதற்கு முன் இன்னொன்று. மாநிலங்கள் பெரும்பாலும் தங்களுக்குச் சொந்தமில்லாத தண்டவாளத்துக்குத்தான் திட்டம் போடுகின்றன. இந்தியாவில் ரயில்வே மத்தியப் பட்டியலில் இருக்கிறது. மாநிலங்கள் கூட்டு நிறுவனம் அமைத்தோ செலவைப் பகிர்ந்தோதான் உள்ளே வர முடியும். அமெரிக்காவில் பெரும்பாலான பாதைகள் தனியார் சரக்கு ரயில் நிறுவனங்களுடையவை. அங்கே 2008-ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலங்களை ரயில் திட்டம் தயாரிக்கச் சொன்னது. அதே சட்டம், தேசியப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்டிராக்கின் 750 மைலுக்குக் குறைவான வழித்தடங்களின் செலவையும் மாநிலங்கள் தலையில் வைத்தது. ஆகவே 'எது நல்லது' என்பதோடு 'எதைச் செய்ய நமக்கு அதிகாரம் இருக்கிறது' என்பதையும் சேர்த்தே எடை போட வேண்டும்.

## எதை வைத்து அளப்பது

பயண நேரம்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் அளவுகோல். அதை நான் கீழே தள்ளுவேன். மேலே வர வேண்டியது கொள்திறன்: மிக நெருக்கடியான இடத்தில், மிக நெருக்கடியான நேரத்தில், எத்தனை ரயில் போக முடியும்?

இரு திசை ரயிலும் ஒரே தண்டவாளத்தில் ஓடும் ஒற்றைப் பாதையில் இந்தக் கணக்கு எளிது. இந்தியாவில் இதற்கு ஸ்காட் சூத்திரம் என்று பெயர். ஒரு நாளின் 1440 நிமிடங்களை, ஒரு நேரத்தில் ஒரே ரயில் மட்டும் இருக்கக்கூடிய மிக நீளமான பிளாக் செக்‌ஷனைக் கடக்க மெதுவான ரயிலுக்கு ஆகும் நேரத்தோடு சிக்னல் நடைமுறைக்கான நேரத்தையும் கூட்டி, அதனால் வகுக்க வேண்டும். வருவதில் 70 சதவீதத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். கடக்க 15 நிமிடம், நடைமுறைக்கு 5 நிமிடம் என்றால் 72. அதில் 70 சதவீதம், சுமார் 50 ரயில். இரண்டு திசைக்கும் சேர்த்து அவ்வளவுதான். இப்போது அந்த நீளமான செக்‌ஷனின் நடுவில், எதிரெதிர் ரயில்கள் விலகிச் செல்ல ஒரு கிராசிங் ஸ்டேஷன் வைக்கிறோம் என்று வையுங்கள். அடுத்த நீளமான செக்‌ஷன் 12 நிமிடம் என்றால் கணக்கு 59-க்குப் போகிறது. ஒரே ஒரு இடத்தில் செய்த வேலைக்கு நாளொன்றுக்கு 9 ரயில் கூடுதல். மற்ற 200 கிலோமீட்டரில் எதைத் தொட்டிருந்தாலும் இது கிடைத்திருக்காது.

திசைக்கு ஒரு தண்டவாளம் உள்ள இருவழிப் பாதையில் எதிரி வேறு: வேக வித்தியாசம். 100 கிலோமீட்டர் நீளப் பாதையில் 10 நிமிட இடைவெளியில் ரயில் விடலாம் என்று கொள்வோம். எல்லா ரயிலும் ஒரே வேகம் என்றால் ஒரு திசையில் மணிக்கு 6 ரயில். மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் பயணிகள் ரயிலையும் 50-இல் போகும் சரக்கு ரயிலையும் மாற்றி மாற்றி விட்டால், நடுவில் முந்திச் செல்ல இடம் இல்லாதபோது, சரக்கு ரயில் கிளம்பி 70 நிமிடம் கழித்துத்தான் பயணிகள் ரயில் கிளம்ப முடியும். 80 நிமிடத்துக்கு 2 ரயில், அதாவது மணிக்கு ஒன்றரை. அதே பாதையில் 25 கிலோமீட்டருக்கு ஒரு லூப் லைன் (மெதுவான ரயில் ஒதுங்கி வழிவிடும் பக்கப் பாதை) இருந்தால் மணிக்கு மூன்றுக்கு மேல் போகலாம். லூப் எதுவும் போடாமல், மூன்று சரக்கு ரயிலை அடுத்தடுத்து விட்டு அப்புறம் மூன்று பயணிகள் ரயிலை அடுத்தடுத்து விட்டாலும் மணிக்கு 3 வந்துவிடும். ஆனால் பயணிகளுக்கு நடுவில் நீண்ட இடைவெளி விழும்.

இந்தக் கணக்கை நிதானமாகப் படியுங்கள். பயணிகள் ரயிலின் வேகத்தை மட்டும் கூட்டினால் சரக்குக்கு இடம் குறைகிறது. சரக்கு ரயிலின் வேகத்தைக் கூட்டினால் இருவருக்கும் இடம் பெருகுகிறது. பயணிகளையும் சரக்கையும் தனித்தனி ஆவணத்தில் திட்டமிடும் மாநிலம் இதைக் காணவே முடியாது.

கொள்திறனுக்கு அடுத்து நான் பார்ப்பவை நான்கு. சொன்ன நேரத்துக்கு வருகிறதா? பணம் பாதியில் நின்றால் அதுவரை கட்டியது பயன்படுமா? நிலம் கிடைக்குமா? கட்டி முடித்த பிறகு ஆண்டுதோறும் நடத்துச் செலவும் பராமரிப்பும் யார் கணக்கில்? பயண நேரம் இவற்றுக்கெல்லாம் பிறகுதான்.

கால அட்டவணையிலிருந்து தொடங்குவது நடைமுறையில் முடியுமா என்று கேட்பவர்களுக்கு சுவிட்சர்லாந்து பதில். 'ரயில் 2000' திட்டத்துக்கு அந்நாட்டு மக்கள் 1987-இல் வாக்களித்து ஒப்புதல் தந்தார்கள். பெரிய சந்திப்புகளில் எல்லா ரயிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்து சேர்ந்து, ஆட்கள் மாறி ஏறியதும் கிளம்ப வேண்டும் என்பது அட்டவணையின் தேவை. அதற்கு பெர்ன்–சூரிச் பயணம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்தால் போதும். ஆகவே எவ்வளவு வேகம் தேவையோ அவ்வளவுக்கு மட்டும் கட்டினார்கள். மட்ஸ்டெட்டன்–ரோத்ரிஸ்ட் இடையே சுமார் 45 கிலோமீட்டர் புதுப் பாதை, 2004 டிசம்பரில் நாடு முழுவதும் புது அட்டவணை. பயணிகளுக்கு உண்மையில் மிச்சமானது ரயில் மாறக் காத்திருக்கும் நேரம்.

## முதல் வழி: இருக்கிற பாதையை விரிவாக்குவது

இருவழியாக்கம், மூன்றாவது நான்காவது பாதை, தானியங்கி சிக்னல், நீண்ட லூப், லெவல் கிராசிங்குக்குப் பதில் மேம்பாலம், சந்திப்புகளில் ஒரு பாதையை இன்னொன்றின் மேல் தூக்கிக் கொண்டுபோவது. பேப்பரில் முதல் பக்கத்துக்கு வராத வேலைகள். ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் ஒரு ரூபாய்க்கு அதிகப் பலன் தருவது இவைதான் என்று நம்புகிறேன்.

சிகாகோவின் எங்கிள்வுட் இதற்கு நல்ல உதாரணம். ஒரு நாளைக்கு 78 புறநகர் ரயில்களும் சுமார் 60 சரக்கு, நெடுந்தூர ரயில்களும் ஒரே மட்டத்தில் ஒன்றையொன்று குறுக்கிட்ட இடம் அது. ஒன்று போக மற்றொன்று நிற்க வேண்டும். சுமார் 14 கோடி டாலரில் ஒரு ரயில் மேம்பாலம் கட்டி 2014-இல் திறந்தார்கள். பல மாநிலங்களைக் கடந்து வரும் ரயில்களின் தாமதம் அந்தச் சில நூறு மீட்டரில் பிறந்துகொண்டிருந்தது. நீண்ட காலத் திட்டத்தில் இப்படிப்பட்ட முடிச்சுகளின் பட்டியல்தான் முதல் இணைப்பாக இருக்க வேண்டும்.

இந்த வழியின் பெரிய பலம் படிப்படியாகப் பலன் தருவது. ஒரு லூப் முடிந்தால் அந்த ஆண்டே பயன். பணம் நின்றாலும் கட்டிய வரைக்கும் நமக்கு. நிலமும் குறைவாகத்தான் தேவைப்படும்.

மறைந்திருக்கும் செலவு எங்கே? ஓடுகிற பாதையில் வேலை செய்வதில். பகலெல்லாம் ரயில் ஓட, இரவில் மூன்று நான்கு மணி நேரம் மட்டும் பாதை கையில் கிடைக்கும். பிரிட்டனின் மேற்குக் கடற்கரைப் பாதையைப் புதுப்பிக்கும் வேலை 1990-களில் சுமார் 200 கோடிப் பவுண்டு என்ற கணக்கில் தொடங்கி, 2008-இல் முடியும்போது ஏறத்தாழ 900 கோடியைத் தொட்டது. மணிக்கு 225 கிலோமீட்டர் என்று சொன்ன வேகமும் 200-ஆகக் குறைந்தது. நடைமுறையில் நிரூபிக்கப்படாத ஒரு சிக்னல் முறையை நம்பி மொத்தத் திட்டத்தையும் கட்டியதும், நெரிசலான பாதையை மூடாமலே மாற்ற முயன்றதும் அதற்கு முக்கியக் காரணங்கள்.

இரண்டாவது மறைசெலவு காலம். இலினாய் மாநிலம் சிகாகோ–செயின்ட் லூயிஸ் பாதையில் பயணிகள் ரயில் வேகத்தை மணிக்கு 127 கிலோமீட்டரிலிருந்து 177-க்கு உயர்த்த 2010-இல் இறங்கியது. 177-இல் வழக்கமாக ஓடத் தொடங்கியது 2023-இல். செலவு சுமார் 200 கோடி டாலர். மிச்சமானது ஏறத்தாழ அரை மணி நேரம். இதை வீண் என்று சொல்ல மாட்டேன். புதுத் தண்டவாளம், பாதுகாப்பான கிராசிங்குகள், நம்பகமான சேவை எல்லாம் அதோடு சேர்ந்து வந்தன. ஆனால் 'வேகம் கூடும்' என்று மட்டும் சொல்லி விற்ற திட்டம் மக்கள் கண்ணில் தோற்றதாகவே தெரியும்.

மூன்றாவது ஒன்றை யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை: லூப்பின் நீளம். இன்றைய சரக்கு ரயிலை அளந்து லூப் போடுகிறோம். அமெரிக்காவில் சரக்கு ரயில்கள் மூன்று கிலோமீட்டரைத் தாண்டியபோது பழைய லூப்கள் பயனற்றுப் போயின. பயணிகள் ரயிலுக்கு முன்னுரிமை என்று சட்டம் இருந்தும், ஒதுங்கி நிற்க முடியாத சரக்கு ரயிலுக்காகப் பயணிகள் ரயில்தான் லூப்பில் காத்திருக்கிறது. 30 ஆண்டுத் திட்டம் என்றால் 30 ஆண்டு கழித்து ஓடப்போகும் ரயிலின் நீளத்துக்கு நிலம் எடுக்க வேண்டும்.

நெரிசல் ஒரு சில இடங்களில் குவிந்திருந்தால், நாளொன்றுக்கான ரயில் எண்ணிக்கை இரட்டிப்பாகும் அளவுக்கு வளர்ச்சி எதிர்பார்க்கப்படவில்லை என்றால், இந்த வழியைத் தாண்டி யோசிக்கவே வேண்டாம்.

## இரண்டாவது வழி: சரக்குக்குத் தனிப் பாதை

மேலே போட்ட கணக்கின் நேரடியான தீர்வு இது. வேக வித்தியாசத்தையே எடுத்துவிடுவது. இந்தியாவின் கிழக்கு, மேற்குத் தனிச் சரக்குப் பாதைகள் முறையே 1337, 1506 கிலோமீட்டர் நீளம். மேற்குப் பாதையில் மின்கம்பியை உயரமாகக் கட்டி, கன்டெய்னரை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு மின்சார எஞ்சின் இழுக்கிறது. வேகன்கள் பழைய பாதையைவிடக் கனமான அச்சுச் சுமையைத் தாங்குகின்றன. சரக்கு ரயில் கால அட்டவணைப்படி ஓட முடிகிறது என்பதுதான் இதில் பெரிய மாற்றம். தொழிற்சாலைக்கு வேகம் அவ்வளவு முக்கியமில்லை. செவ்வாய்க்கிழமை வரும் என்றால் செவ்வாய்க்கிழமை வர வேண்டும்.

தனிப் பாதை ஆயிரம் கிலோமீட்டர் நீளமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கலிபோர்னியாவின் அலமேடா பாதை 20 மைல்தான். லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களை லாஸ் ஏஞ்சலஸ் நகர மையத்துக்கு அருகே உள்ள பெரிய ரயில் பாதைகளோடு சேர்க்கிறது. சுமார் 240 கோடி டாலர் செலவில் 2002-இல் திறந்தது. நடுப்பகுதியில் பத்து மைல் தூரம் தரைக்குக் கீழே வெட்டிய பள்ளத்தில் போகிறது. ஏறத்தாழ 200 லெவல் கிராசிங்குகளில் சரக்கு ரயிலுக்காகக் காத்திருப்பது நின்றது. கடனை அடைக்க, போகும் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் கட்டணம் வாங்கினார்கள். துறைமுகம் உள்ள மாநிலம் எதுவும் முதலில் படிக்க வேண்டிய உதாரணம் இது என்பேன்.

மறைசெலவுகள் இங்கே கடுமையானவை. பாதையின் இரண்டு முனைகளும் நம் கையில் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. நெதர்லாந்து ராட்டர்டாம் துறைமுகத்திலிருந்து ஜெர்மன் எல்லை வரை 160 கிலோமீட்டருக்கு பெட்டுவே சரக்குப் பாதையைச் சுமார் 470 கோடி யூரோவில் கட்டி 2007-இல் திறந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஜெர்மனி போட வேண்டிய மூன்றாவது பாதைக்கு 1992-லேயே ஒப்பந்தம் இருந்தது. பெட்டுவே திறந்து பத்தாண்டு கழிந்தும் அது முடியவில்லை. நவீனப் பாதையில் விரைந்து வந்த சரக்கு, எல்லையைத் தாண்டியதும் பழைய நெரிசலில் போய் நின்றது. பக்கத்து மாநிலத்தின் திட்டத்தைப் படிக்காமல் தன் எல்லை வரை கோடு போடும் எந்த மாநிலத்துக்கும் இதே கதிதான்.

அடுத்தது, என்ன சரக்கு என்ற கேள்வி. நிலக்கரியை நம்பிக் கட்டிய பாதை நிலக்கரியோடு சேர்ந்து தேயும். அமெரிக்க ரயில்களில் நிலக்கரிப் போக்குவரத்து 2008-ஐ ஒப்பிட்டால் பாதிக்கும் கீழே போய்விட்டது. 30 ஆண்டுக் கணிப்பில் எந்தச் சரக்கு வளரும், எது சுருங்கும் என்று தனித்தனியாக எழுதாமல் 'மொத்த டன்' என்று ஒரே எண்ணைக் காட்டும் வரைவை நான் நம்ப மாட்டேன். அப்புறம் கடைசி மைல்: பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் யார்டு, தொழிற்சாலைக்குள் போகும் சைடிங், கிடங்கு, லாரி வந்து திரும்ப இடம். பாதை முடிந்து இவை முடியவில்லை என்றால் சரக்கு நெடுஞ்சாலையிலேயே இருக்கும்.

பழைய பாதையில் மிச்சமாகும் இடத்தை என்ன செய்வது என்பதும் இதே முடிவின் பகுதிதான். அங்கே எத்தனை பயணிகள் ரயில் கூடுதலாக விடப்படும், எந்த ஊர்களில் நிற்கும் என்று அன்றே எழுதி வைக்காவிட்டால், சரக்குப் பாதையின் பாதிப் பலன் கணக்கில் வராமலே போகும்.

## மூன்றாவது வழி: பயணிகளுக்குப் புதிய வேகப் பாதை

அதிவேக ரயிலை ஆடம்பரம் என்று ஒதுக்குவது தவறு. உலகின் முதல் அதிவேகப் பாதையான டோக்கியோ–ஒசாகா ஷின்கான்சென் 1964-இல் வந்ததற்கு முக்கியக் காரணமே பழைய டொக்காய்டோ பாதை நிரம்பி வழிந்ததுதான். வேக ரயில்களைப் புதுப் பாதைக்கு மாற்றியதும் பழைய பாதை சரக்குக்கும் உள்ளூர் ரயிலுக்கும் கிடைத்தது. இரண்டாவது வழியின் மறுபக்கம் என்று இதைச் சொல்லலாம்: சரக்கைப் பிரிக்காமல் பயணிகளைப் பிரிப்பது.

இரண்டையும் ஒரே புதுப் பாதையில் ஓட்டினால் செலவு குறையாதா? இந்தக் கேள்வி எல்லாக் கூட்டத்திலும் வரும். பெரும்பாலும் குறையாது. வேகப் பயணிகள் ரயிலுக்கு வளைவு அகலமாக இருக்க வேண்டும், ஆனால் செங்குத்தான ஏற்றத்தில் ஏறிவிடும். சரக்கு ரயிலுக்கு நேர்மாறு: ஏற்றம் மிக மென்மையாக வேண்டும். 1981-இல் திறக்கத் தொடங்கிய பாரிஸ்–லியோன் பாதையில் பயணிகள் ரயில் மட்டுமே என்பதால் 3.5 சதவீத ஏற்றம் வைத்து மலை மேலேயே ஏறிப் போனார்கள். ஜெர்மனியின் ஹனோவர்–வூர்ஸ்பர்க் பாதை சரக்குக்கும் சேர்த்து 1.25 சதவீதத்துக்குள் வடிவமைக்கப்பட்டது. 327 கிலோமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுரங்கமானது. அப்புறமும் சுரங்கத்துக்குள் அதிவேக ரயிலும் சரக்கு ரயிலும் எதிரெதிரே கடக்கக் கூடாது என்பதால் சரக்கு இரவில்தான் ஓடுகிறது. வளைவில் வெளித் தண்டவாளத்தை எவ்வளவு உயர்த்துவது என்பதிலும் இதே இழுபறி: வேக ரயிலுக்கு ஏற்ற உயரம் கனமான சரக்கு ரயிலுக்கு உள் தண்டவாளத்தைத் தேய்க்கும்.

மறைசெலவில் முதலிடம் நகருக்குள் நுழையும் கடைசிச் சில கிலோமீட்டருக்கு. வயல்வெளியில் போகும் 300 கிலோமீட்டர் ஒரு செலவு. நகர மையத்துக்குள் 15 கிலோமீட்டர் வேறு செலவு. அதைத் தவிர்க்க ஸ்டேஷனை ஊருக்கு வெளியே வைத்தால், ரயிலில் மிச்சமான நேரம் சாலையில் போகும்.

இன்னொன்று தனிமை. கேரளத்தின் சில்வர்லைன் திட்டம் திருவனந்தபுரத்திலிருந்து காசர்கோடு வரை சுமார் 530 கிலோமீட்டர், 63,941 கோடி ரூபாய் மதிப்பீடு, மணிக்கு 200 கிலோமீட்டர் என்று வரையப்பட்டது. இருக்கிற அகலப்பாதையோடு சேராத ஸ்டாண்டர்டு கேஜ் (தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் வேறு). நிலம் போகும் என்று 2022-இல் சர்வே கல் நடும்போதே எதிர்ப்பு வெடித்தது, திட்டம் நின்றது. கேஜ் வேறு என்றால் பாதி கட்டிய பாதையில் பழைய ரயிலை ஓட்ட முடியாது. தனியாக ஓடக்கூடிய ஒரு பகுதியாவது முடியும்வரை பலன் பூஜ்யம். இது என் அளவுகோலில் மிகப் பெரிய குறை.

கலிபோர்னியா 2008-இல் 995 கோடி டாலர் பத்திரத்துக்கு வாக்காளர் ஒப்புதலோடு இறங்கியது. சான் பிரான்சிஸ்கோ–லாஸ் ஏஞ்சலஸ் செலவு அப்போது 3,300 கோடி டாலர் அளவில் சொல்லப்பட்டது. பிற்பாடு 10,000 கோடியைத் தாண்டியது. அதே திட்டப் பணத்தில் ஒரு பகுதி சான் பிரான்சிஸ்கோ–சான் ஹோசே பழைய பாதையை மின்மயமாக்கப் போனது. அங்கே 2024-இலேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: புதுப் பாதையையே தேர்ந்தாலும், பழைய பாதையிலும் பயன்படும் துண்டுகளிலிருந்து தொடங்க வேண்டும்.

டெல்லி–மீரட் விரைவு ரயில் நடுத்தர வழி. 82 கிலோமீட்டர், மணிக்கு 160 கிலோமீட்டர் வரை. 2023 அக்டோபரில் முதல் 17 கிலோமீட்டரைத் திறந்து, பிறகு துண்டு துண்டாக நீட்டினார்கள். பெரிய நகரைச் சுற்றி 100 கிலோமீட்டருக்குள் தினமும் வேலைக்குப் போய்வருபவர்கள் லட்சக்கணக்கில் இருக்கும் மாநிலத்துக்கு இது 500 கிலோமீட்டர் அதிவேகப் பாதையைவிட முன்னால் வர வேண்டும்.

## நான்காவது வழி: பாதையையும் நிலத்தையும் மாநிலமே வாங்குவது

இதற்குக் கட்டுமானமே வேண்டாம். ஆனால் 30 ஆண்டு என்ற கால அளவுக்கு மிகப் பொருத்தமானது இதுதான். வெர்மான்ட் மாநிலம் 1960-களில், கைவிடப்பட்ட ரட்லாண்ட் ரயில்வேயின் பாதைகளை வாங்கியது. பயணிகள் ரயில் 1953-லேயே நின்றுபோயிருந்தது. மாநிலம் வாங்கிய பிறகு சரக்கு ரயில் மட்டும் அதில் ஓடியது. 2022-இல் நியூயார்க்கிலிருந்து வரும் பயணிகள் ரயில் அதே பாதையில் பர்லிங்டன் வரை நீண்டது. அன்று வாங்காமல் விட்டிருந்தால் நிலம் வீட்டுமனையாகியிருக்கும். அப்புறம் எவ்வளவு பணம் இருந்தாலும் அந்தப் பாதை திரும்பக் கிடைத்திருக்காது.

சவுத் டகோட்டாவும் மில்வாக்கி ரோடு நிறுவனம் நொடித்தபோது 1980-களின் தொடக்கத்தில் தன் தானியப் போக்குவரத்துக்காகப் பாதைகளை வாங்கிக் காப்பாற்றியது. விர்ஜினியா பெரிய அளவில் செய்தது: 2019-இல் அறிவித்த 370 கோடி டாலர் திட்டத்தில், சரக்கு நிறுவனம் ஒன்றிடமிருந்து 350 மைல் நீள ரயில் பாதை நிலத்தையும் 225 மைல் தண்டவாளத்தையும் வாங்குவது, பொட்டோமாக் ஆற்றின் மேல் புதுப் பாலம் கட்டுவது இரண்டும் சேர்ந்திருந்தன. ஆண்டுதோறும் இடம் கெஞ்சிக் கேட்பதைவிட, பயணிகளுக்கென்று பாதையைச் சொந்தமாக்குவது நீண்ட காலத்தில் மலிவு என்று அந்த மாநிலம் முடிவெடுத்தது.

மறைசெலவு: பாலங்கள். நூறாண்டு பழைய பாலத்தோடுதான் பாதை வரும். காப்பீடு, விபத்துப் பொறுப்பு, புதர் வெட்டுவது முதல் எல்லாம் மாநிலத்தின் கணக்கு. ரயில் ஓடாத நிலத்தைத் தரிசாக விட்டால் ஆக்கிரமிப்பு வரும். அமெரிக்காவில் 1983-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இதற்கு வழி செய்தது: பயன்படாத பாதையை நடைபாதையாகவும் சைக்கிள் பாதையாகவும் மாற்றலாம், பிற்காலத்தில் ரயிலுக்குத் திரும்ப எடுக்கும் உரிமை மட்டும் நிற்கும். மத்திய அரசே பாதை உரிமையாளராக உள்ள நாட்டில் மாநிலம் தண்டவாளத்தை வாங்க முடியாது. ஆனால் எதிர்காலப் பாதைக்கான நிலத்தை நகரத் திட்ட வரைபடத்திலேயே ஒதுக்கி, அங்கே கட்டட அனுமதி தராமல் இருக்கலாம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| அளவுகோல் | பழைய பாதை விரிவாக்கம் | சரக்குத் தனிப் பாதை | பயணிகள் வேகப் பாதை | வாங்குதல், நிலம் ஒதுக்குதல் |
|---|---|---|---|---|
| கொள்திறன் | முடிச்சுகளில் நல்ல உயர்வு | மிக அதிகம், இரு பாதையிலும் | அதிகம், பழைய பாதை காலியானால் | நேரடியாக இல்லை. கட்டுப்பாடு கையில் வரும் |
| முதல் பலன் | சில ஆண்டுகளில் | பத்தாண்டுக்கு மேல் ஆகலாம் | பத்தாண்டுக்கு மேல் ஆகலாம் | உடனே தெரியாது |
| பாதியில் நின்றால் | கட்டியது பயன்படும் | பழைய பாதையோடு இணைந்தால் பயன்படும் | கேஜ் வேறு என்றால் வீண் | நிலம் நிற்கும் |
| நிலத் தேவை | குறைவு | அதிகம் | அதிகம், நகருக்குள் கடினம் | இதுவே நிலத்துக்கான வழி |
| மறைசெலவு | ஓடும் பாதையில் வேலை | கடைசி மைல், அண்டை மாநிலம், சரக்கு மாற்றம் | நகர நுழைவு, தனிமை | பாலம், பொறுப்பு, பராமரிப்பு |

## எந்த மாநிலத்துக்கு எது

துறைமுகமோ கனரகத் தொழிலோ உள்ள மாநிலம், ஒரே பாதையில் சரக்கும் பயணிகளும் முட்டிக்கொள்கிற நிலையில், முதலில் அலமேடா மாதிரியான குறுகிய சரக்குப் பாதையைப் பார்க்கட்டும். நீளமான தனிப் பாதைக்கு மத்திய அரசும் அண்டை மாநிலமும் கையெழுத்திட்ட பிறகே பணம் ஒதுக்க வேண்டும்.

இரண்டு பெரிய நகரங்கள் 200 முதல் 600 கிலோமீட்டர் இடைவெளியில், இடையில் கூட்டமான ஊர்களோடு, பழைய பாதை ஏற்கெனவே நிரம்பிய நிலையில் இருந்தால் வேகப் பாதை நியாயமானது. நிரம்பவில்லை என்றால், இந்தத் திட்டக் காலத்தில் அதற்கு நிலம் மட்டும் ஒதுக்கி வைக்கலாம். மக்கள்தொகை சிதறி, விளைபொருளை நம்பி வாழும் மாநிலத்துக்கு நான்காவது வழிதான் முதலில். ஒரு தானியக் கிடங்குக்குப் போகும் மெதுவான கிளைப் பாதை ஒரு வட்டாரத்தின் விலையையே தாங்கி நிற்கும்.

எந்த மாநிலமானாலும் முதல் ஐந்தாண்டுப் பணத்தை நான் இரண்டாகப் பிரிப்பேன்: பெரும்பகுதி முடிச்சுகளை அவிழ்க்க, சிறுபகுதி நிலத்துக்கு. வேகப் பாதையா சரக்குப் பாதையா என்ற பெரிய முடிவை அந்த ஐந்தாண்டில் கிடைக்கும் உண்மையான எண்களை வைத்து எடுக்கலாம். தாமதிப்பதில் இழப்பு உண்டு, மறுக்கவில்லை. பாதை ஏற்கெனவே நிரம்பி வழியும் மாநிலம் ஐந்தாண்டு காத்திருக்கக் கூடாது. அங்கே பெரிய முடிவும் சிறிய வேலைகளும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

தனியார் பாதையில் அரசுப் பணம் போடும்போது ஒரு நிபந்தனையை விட்டுவிடவே கூடாது. இந்த முதலீட்டுக்குப் பதிலாக நாளொன்றுக்கு எத்தனை பயணிகள் ரயிலுக்கு இடம், எந்த நேரங்களில், எத்தனை ஆண்டுகளுக்கு என்பது ஒப்பந்தத்திலேயே எண்ணாக இருக்க வேண்டும். மத்திய ரயில்வேயோடு செலவைப் பகிரும் மாநிலமும் இதையே கேட்கலாம்.

கருத்துக் கேட்புக்குப் போகிறவர்கள் வரைவில் மூன்று பக்கங்களைத் தேடுங்கள். இலக்கு ஆண்டில் ஒரு சாதாரண வேலை நாளின் கால அட்டவணை, சரக்கு ரயில்களையும் சேர்த்து. ஒவ்வொரு பாதையிலும் மிகப் பலவீனமான செக்‌ஷன் எது, அதைச் சரிசெய்ய எவ்வளவு. முதல் கட்டத்தோடு பணம் நின்றால் அதில் என்ன ஓடும். மூன்றும் இருந்தால், எந்த வழியைத் தேர்ந்திருந்தாலும் அந்தத் திட்டத்தோடு உட்கார்ந்து வாதாடலாம். இல்லையென்றால் அவற்றை எழுத்தில் கேளுங்கள். நகருக்குள் நுழையும் கடைசிப் பத்து கிலோமீட்டர் யாருடைய நிலத்தில் போகிறது என்பதையும் சேர்த்து.